எஞ்சின் ஆறும் வரை

காலிஸுக்கு எப்போதும் மூக்கின்மேல் கோபம் என்பது நாரின் என்ற அந்த மலை ஊருக்கே தெரியும். அன்று காலை அது கைக்கு இறங்கிவிட்டது.

சவாரி ஓட்டும் பழைய ரஷ்ய வேனைத் தங்கை வீட்டு முற்றத்தில் பனி சிதற நிறுத்தினான். எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. தங்கை புருஷன் தோரோன் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததுதான் தாமதம், சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினான்.

"பழைய சங்கிலியைப் போட்டுட்டுப் புதுசுன்னு சொன்னியாடா, திருட்டுப் பயலே?"

"விடு மச்சான். என்ன சங்கிலி?"

"எஞ்சின் சங்கிலி! தினம் காலையில ஸ்டார்ட் பண்ணினா தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி கடகடங்குது. இன்னிக்கு ஏறி உக்காந்த சனம் சத்தத்தைக் கேட்டுட்டு இறங்கி அடுத்த வண்டிக்குப் போயிடுச்சு. தோலோன் கணவாய்ல அது அறுந்தா அத்தனை பேரும் பள்ளத்துல கிடப்போம்டா!"

இலையுதிர்காலத்தில் அந்த எஞ்சினைப் பிரித்துச் சங்கிலி மாற்றிப் பூட்டியவன் தோரோன்தான். அவன் வேனின் பக்கம் காதைத் திருப்பினான். ஓடிவந்த சூட்டில் எஞ்சின் சமர்த்தாக உறுமிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கும் வாய் சும்மா இருக்காது.

"எங்க மச்சான் கடகட? உன் தலைக்குள்ள இருக்கும், நல்லாப் பாரு."

காலிஸ் வேன் சீட்டுக்கு அடியிலிருந்து டயர் கழற்றும் கம்பியை உருவினான். முகத்தைக் காக்க தோரோன் வலது கையைத் தூக்கினான். அடி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. விழுந்தவனை விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான். பனியில் ரத்தம் தெறித்தது. கட்டிப்போட்ட நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது.

தங்கை புர்மகான் அடுப்புக் கம்பியோடு ஓடிவந்து அண்ணன் முதுகில் ஓங்கிப் போட்டாள்.

"என் வாசல்ல வந்து என் புருஷனை அடிக்கிறியா? நீ மனுஷனா?"

"இது உன் வாசல் இல்லை. துணிமணியைக் கட்டு. திருடன்கூட என் தங்கச்சி வாழ மாட்டா."

சொன்னால் செய்கிறவன். மூத்த தங்கையை ஒரு குடிகாரனிடமிருந்து இப்படித்தான் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவள் திரும்பிப் போகவே இல்லை. அது புர்மகானின் நினைவுக்கு வந்தது.

"எஞ்சினை அணை மச்சான்," என்று தரையிலிருந்தே முனகினான் தோரோன். "குளிர்ந்து கிடக்கும்போதுதானே சத்தம்? ஆறட்டும். ஆறினப்புறம் கேப்போம். என் தப்புன்னா அவளைக் கூட்டிட்டுப் போ."

"அவர் தப்பு இல்லைன்னா?" என்றாள் புர்மகான்.

காலிஸ் தன் வலது கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "இல்லைன்னா இதை நீயே உடை."

எஞ்சின் ஆறும் வரை வேன் படியில் உட்கார்ந்திருந்தான். யாரும் டீ கொடுக்கவில்லை. உள்ளே புர்மகான் பலகைத் துண்டு வைத்துக் கையைக் கட்டும்போது தோரோன் அலறியது வெளியே கேட்டது. காலிஸுக்கு உறுத்தத்தான் செய்தது. திருட்டுக் கைதானே என்று சொல்லி அதை அமுக்கிக்கொண்டான்.

மதியத்துக்குள் எஞ்சின்மேல் உறைபனி பூத்துவிட்டது. தோரோன் வெளுத்த முகத்தோடு வெளியே வந்தான். காலிஸ் பழக்க தோஷத்தில் பெட்ரோல் ஊதுவிளக்கைப் பற்றவைத்து வண்டிக்கு அடியில் குனிந்தான். இரும்பைத் தின்றுவிடுவதுபோல் தீ சீறியது.

தோரோன் அந்தத் தீயையே பார்த்தான். "தினம் இப்படித்தானா?"

"பின்னே? ஆயிலுக்குத் தீ காட்டாம இந்த ஊர்ல எந்த வண்டி கிளம்பியிருக்கு?"

"இன்னிக்கு வேணாம். அப்படியே போடு."

முக்கி முனகி எஞ்சின் பிடித்தது. உடனே கடகடகடவென்று ஆரம்பித்தது.

"கேட்டியாடா!" என்று காலிஸ் கத்தினான்.

தோரோன் ஒரு மரக்கட்டையின் ஒரு முனையை எஞ்சின் முகப்பில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தான். "சங்கிலிதான் அடிக்குது," என்றான்.

புர்மகானின் முகம் செத்துப்போயிற்று. காலிஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "கிளம்பு."

"இரு மச்சான். ஆயில் அழுத்தம் காட்டுற முள்ளைப் பாரு."

முள் அடியில் படுத்துக் கிடந்தது. கடகட ஓயவில்லை. வெகுநேரம் கழித்து முள் மெல்ல எழுந்தது. அது எழுந்த அந்த நொடியில் சத்தம் நின்றது.

"ஆயில் அழுத்தம்தான் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும். ஆயில் வர்ற வரைக்கும் அது தொளதொளன்னு ஆடுது. அடியில எதுவோ அடைச்சிருக்கு. அணைச்சுட்டுக் கழட்டு."

காலிஸ் வண்டிக்கு அடியில் படுத்தான். ஆயில் தொட்டியின் பெயின்ட் கருகி உரிந்திருந்தது. எல்லாரும் சிறுதீயில் காட்டுவார்கள், பக்கத்திலேயே நிற்பார்கள். இவன் கொழுந்துவிட்டு எரியவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவனுக்கு எதிலும் பொறுமை கிடையாது. தொட்டியை இறக்கியபோது ஆயில் உறிஞ்சும் சல்லடை முழுக்கத் தீய்ந்துபோன ஆயில் கட்டியாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடிப்பிடித்த சோறாகப் பெயர்ந்தது. அண்ணாந்து பார்த்தான். மேலே சங்கிலி பளபளவென்று புதிதாக இருந்தது. கம்பெனியில் வைத்த மஞ்சள் பொட்டுகூட இன்னும் அழியவில்லை.

வெளியே வர அவனுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் தங்கையின் பூட்ஸ் நின்றது.

"என்னண்ணே இருக்கு?"

சல்லடையை அவள் காலடியில் தள்ளினான். "சங்கிலி புதுசுதான். நான்தான் ஆயிலைக் கருக்கிட்டேன்."

ஊர்ந்து வெளியே வந்து, வேன் படியில் வலது கையை விரித்து வைத்தான். "உடை."

புர்மகான் கீழே கிடந்த அதே டயர் கம்பியை எடுத்தாள். ஓங்கினாள்.

"கையில வேணாம் புள்ளே," என்றான் தோரோன். "இந்தக் குளிர்காலம் பூரா எனக்கு அதுதான் கை."

அவள் புருஷனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். அண்ணனின் முறியாத கையைப் பார்த்தாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்திருந்தது.

"சரி. திருடன்னு சொன்ன வாய் இருக்கில்ல?"

வீசினாள். காலிஸ் முகத்தைத் திருப்பவில்லை. முட்டிபோட்டு விழுந்து, ரத்தத்தோடு ஒரு பல்லையும் பனியில் துப்பினான். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டான்.

"எந்த நட்டை முதல்ல முடுக்கட்டும், மாப்ளே?" என்றான். காலையிலிருந்து அந்த வார்த்தை அவன் வாயில் அப்போதுதான் வந்தது.