அண்ணிக்குக் கடல் புதுசு

தெற்கு இத்தாலியில் இருக்கும் எங்கள் பண்ணை விடுதியில் ஆகஸ்டில் கூட்டம் நெரியும். செப்டம்பரில் அத்திப்பழங்களை நாணல் தட்டிகளில் காயப்போடும் சமயம் வருகிறவர்கள் குறைவு. அவர்களோடுதான் எனக்கு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நேரம் கிடைக்கும். அந்த வருடம் அப்படி வந்தவர்கள் தெல்பீனாவும் அவளுடைய அண்ணி ஃபெதோராவும்.

இருவருமே எழுபதைத் தாண்டியவர்கள். வடக்கே உம்ப்ரியா மலைகளுக்கு நடுவில் ஏதோ ஊர். காரை ஓட்டிக்கொண்டு வந்தவள் தெல்பீனா. ஒல்லியான உடம்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் பெட்டிகளைத் தானே தூக்குகிற ரகம். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஃபெதோரா பூசின உடம்பும் காதில் பவளத் தோடுமாக, விருந்துக்கு வந்தவள் போல இறங்கினாள். இறங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க வீட்டை! எங்க வீட்டுக்காரர் பின்னாடியே வந்துட்டிருக்கார். அவருக்கும் காப்பி போட்டுருங்க."

நான் பாதையை எட்டிப் பார்த்தேன். தெல்பீனா பெட்டியை இறக்கியபடியே எனக்கு மட்டும் தெரியும்படி தலையை அசைத்தாள். யாரும் வரவில்லை. அந்த வீட்டுக்காரர், அதாவது தெல்பீனாவின் அண்ணன் எஜீதியோ, இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டிருந்தன.

மறுநாள் விடியலில் அண்ணி தூங்கிக்கொண்டிருக்கும்போது தெல்பீனா சமையலறைக்கு வந்தாள். நான் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"அண்ணிக்கு மறதி நோய், நிக்லா. எங்க அண்ணன் உயிரோட இருக்கார்னு நெனப்பு. ஜெர்மனியில இருக்கற மகனை ஞாபகம் இருக்கு. என்னை மட்டும் யாருன்னு தெரியல. நாப்பது வருஷம் என்னோட சண்டை போட்டாங்க. கல்யாணத்துக்கு நான் கறுப்பு உடுத்திட்டு வந்தேன்னு ஆரம்பிச்சது. இப்ப சண்டையும் மறந்துபோச்சு, ஆளும் மறந்துபோச்சு. இதுல ஜெயிச்சது யாரு, நீயே சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு வரைபடத்தை மாவு படாத ஓரமாகப் பார்த்து விரித்தாள். வாழ்நாள் முழுக்க அவள் பார்க்க ஆசைப்பட்ட இடங்கள் அதில் இருந்தன. எங்கள் சிலெந்தோ மலைப் பூங்காவில், பாறைக்குள் புகுந்து மறைகிற ஆறு மறுபடி வெளியே வருகிற மொரிஜெராத்தி குகை. படிகளாலேயே கட்டின மாதிரி இருக்கும் பிஷோத்தா கிராமம். "கடல் கடைசி நாளைக்கு இருக்கட்டும், அது எங்க ஓடிப்போகப் போகுது" என்றாள்.

அன்று இருவரும் பூங்காவுக்கென்று கிளம்பினார்கள். சாயங்காலம் திரும்பியபோது காரின் மிதியடியெல்லாம் கடற்கரை மணல்.

"மலை இறங்கற திருப்பத்துல கடல் தெரிஞ்சுது. 'ஐயோ, கடல்! நான் பாத்ததே இல்லியே, கொஞ்சம் நிறுத்துங்களேன்'னு குழந்தை மாதிரி கையத் தட்டறாங்க. எப்படி வேற பக்கம் திருப்பறது?"

அடுத்த நாளும் மணல். அதற்கடுத்த நாளும். ஃபெதோராவுக்கு ஒவ்வொரு காலையும் அது முதல் கடல். பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்குவாளாம். அலை அடித்தால் கத்துவாளாம். பக்கத்தில் குளிக்கிறவர்களிடம், "உப்பா இருக்கு, பாத்தீங்களா?" என்று ருசி சொல்வாளாம். தெல்பீனா இதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். ஆனால் என் கணவர் தொனாத்தோ மொரிஜெராத்திப் பக்கம் நீர்நாய் பார்த்த கதையைச் சொன்ன அன்று, அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

"ஒரு நாள் அவங்களை என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டு வாங்கக்கா. எனக்கும் அத்திப்பழம் பிளக்க ஆள் வேணும்" என்றேன்.

"நல்லா இருக்கே! விருந்தாளியை வேலை வாங்கறது."

"உங்களை வாங்கலியே."

முதலில் மறுத்தாள். அண்ணி பயந்துவிடுவாள் என்றாள், உனக்குத் தொந்தரவு என்றாள், மழை வரும்போல இருக்கிறது என்றாள். மேகமே இல்லை. கடைசியில், மறுநாள் பொழுது புலர்ந்ததும் ஓசைப்படாமல் காரைத் தள்ளிக்கொண்டு போய், சரிவில் வைத்துத்தான் கிளப்பினாள்.

ஃபெதோரா எழுந்து வந்து பால் குடித்தாள். சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, காய்ந்த அத்திப்பழங்களைப் பிளந்து உள்ளே பாதாம் வைத்து மூடினாள். கை நன்றாகவே ஓடியது. என்னுடையதைவிட அவளுடைய பழங்கள் வடிவாக இருந்தன.

"அந்த அம்மா எங்க?" என்று கேட்டாள்.

"ஆறு பாக்கப் போயிருக்காங்க. வந்துருவாங்க."

"தங்கமான பொம்பளை. ராத்திரி என் கால்ல தைலம் தேச்சு விடறாங்க. யாரு வேலைக்கு வெச்சாங்களோ, எஜீதியோவாத்தான் இருக்கும்." இன்னொரு பழத்தை எடுத்துப் பிளந்தாள். "எனக்கு ஒரு நாத்தனார் இருக்கா. அவ இவங்ககிட்ட பாடம் படிக்கணும். ராட்சசி! என் கல்யாணத்துக்கே கறுப்பு உடுத்திட்டு வந்து நின்னா. மூஞ்சி இப்படி." உதட்டைப் பிதுக்கி, கன்னத்தை உள்ளிழுத்துக் காட்டினாள். அச்சு அசல் தெல்பீனா. நான் சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் கொண்டைக்கடலை போட்ட பட்டை நூடுல்ஸ் சாப்பிட்டுத் தூங்கினாள். எழுந்ததும் மறுபடி, "அந்த அம்மா எங்க?" நான் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னேன். வெயில் சாயச் சாய அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. பழத்தைத் தொடவில்லை. எழுந்து போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், உள்ளே கூப்பிட்டாலும் வரவில்லை. தொனாத்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். அதிலும் உட்காரவில்லை.

இருட்டும் நேரத்துக்குக் கார் வந்தது. தெல்பீனா இறங்கினாள். செருப்பில் சேறு, மூக்கு வெயிலில் சிவந்திருந்தது, தலைமுடியில் ஏதோ இலை. முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. "நிக்லா, நான் எங்கெல்லாம் போனேன் தெரியுமா" என்று ஆரம்பித்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச, தெல்பீனா?"

கேட்டருகே நின்ற ஃபெதோராவின் குரல் அது. வந்த நாளிலிருந்து 'நீங்க', 'அந்த அம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

தெல்பீனாவின் கையிலிருந்து கார்ச் சாவி நழுவி விழுந்தது.

"வயசான பொம்பளையை ஊர் பேர் தெரியாத வீட்டுல விட்டுட்டு, நீ பாட்டுக்கு ஊர் சுத்தறியா? எஜீதியோ வரட்டும், சொல்றேன். என்னைக்குமே நீ இப்படித்தான். உன் இஷ்டம், உன் போக்கு!"

"என் கால், என் வண்டி. நான் எங்க போனா உங்களுக்கென்ன அண்ணி?" தெல்பீனாவும் விடவில்லை.

"எனக்கென்னவா? என் கல்யாணத்துக்குக் கறுப்பு உடுத்திட்டு வந்தவதானே நீ!"

"அது கறுப்பில்ல, கருநீலம்! நாப்பது வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன், கருநீலம்!"

"பொய்! ஃபோட்டோவுல கறுப்பாத்தான் இருக்கு!"

"ஃபோட்டோவே கறுப்பு வெள்ளைதானே அண்ணி!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டே படியேறி, கத்திக்கொண்டே சாப்பாட்டு மேசைக்கு வந்தார்கள். "நடுவுல போய் விலக்கவா?" என்று தொனாத்தோ என் காதில் கேட்டார். "வாயை மூடிட்டு ரொட்டியை அறுங்க" என்றேன். தெல்பீனா பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

சூப் பாதி காலியானபோது ஃபெதோரா கரண்டியைக் கீழே வைத்தாள். மேசையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தெல்பீனாவிடம் மரியாதையாக, "உப்பைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

தெல்பீனா உப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணியைப் படுக்க வைத்துவிட்டு வந்து, நான் கழுவின தட்டுகளைத் துடைக்க நின்றாள்.

"பாறைக்கடியில இருந்து வருது நிக்லா அந்த ஆறு. குளிர்னா அப்படி ஒரு குளிர். கீழ இறங்கற வரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல, யார் கையையும் பிடிக்க வேண்டியதில்ல. பாவம் பண்றமோன்னு முதல்ல தோணிச்சு. அப்புறம் அதுவும் தோணல. கல்லு மேல படுத்துத் தூங்கிட்டேன்."

"அண்ணி உங்களைத் தங்கம்னு சொன்னாங்க."

"எந்த என்னை?"

"தைலம் தேய்க்கற உங்களை. நாத்தனார்தான் ராட்சசியாம்."

ஒரு தட்டை ரொம்ப நேரம் துடைத்தாள். "தங்கமா இருக்கறது நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்குக் கொஞ்ச நேரம் ராட்சசியா இருந்தேன் பாரு, எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?" என்றாள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நானும் அவர்களோடு பிஷோத்தாவுக்குப் போனேன். அந்தப் படிகளைப் பார்த்ததுமே ஃபெதோரா முடியாது என்று சொல்லிவிட்டாள். மேலே சதுக்கம் வரை கார் போகிற வழியாகப் போய், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். காகிதப் பொட்டலத்தில் பொரித்த நெத்திலி வாங்கினேன். பக்கத்து பெஞ்சில் கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஃபெதோரா தடுப்புச்சுவர் ஓரம் போய் எட்டிப் பார்த்தாள். கூச்சலிட்டபடி திரும்பி வந்து, கன்னமெல்லாம் வெயிலில் வெடித்திருந்த ஒரு மீனவரின் தோளைத் தொட்டாள்.

"ஐயா, உங்களுக்குத் தெரியுமா? கீழே கடல் இருக்கு!"

அவர் கையிலிருந்த சீட்டை மடக்கிவிட்டு எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். "அப்படியாம்மா? வாங்க, எனக்கும் காட்டுங்க" என்று அவளோடு சுவர்வரை போனார். அவள் விரல் நீட்டிய பக்கமெல்லாம் பார்த்துத் தலையாட்டினார்.

தெல்பீனா அங்கே போகவில்லை. நெத்திலியைத் தலையோடு கடித்துத் தின்றபடி படிகளில் இறங்கி, சந்துக்குள் மறைந்து, வெகு நேரம் கழித்து வேறொரு சந்து வழியாக மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

குளிர்காலத்தில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள். அண்ணி இப்போது அதிகம் பேசுவதில்லையாம். தன் வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணி வீட்டுக்கே குடிபோய்விட்டாளாம். சுவரில் இருந்த கல்யாணப் படத்தை எடுத்துவிட நினைத்தாளாம். பிறகு, இருக்கட்டும், என்றைக்காவது சண்டைக்கு உதவும் என்று விட்டுவிட்டாளாம்.

"ஜூன்ல கீழறை காலியா இருக்குமா நிக்லா? அவங்களால இனி படி ஏற முடியாது."

கீழறையை மிலானோக் குடும்பம் ஒன்று அப்போதே கேட்டு வைத்திருந்தது.

"காலியாத்தான் இருக்கு, வாங்க" என்றேன்.