சலூன்காரர் குப்புறப் படுத்த நாள்

இருபத்திரண்டு வருஷமாகக் கத்தரிக்கோல் பிடித்த கை ஒரு திங்கட்கிழமை காலையில் சலூன்காரரைக் கைவிட்டது. வாடிக்கையாளர் ஒருவரின் காதோரம் முடியைச் சமன் செய்துகொண்டிருந்தபோது வலது தோளில் சுரீரென்று ஒரு இழுப்பு. கத்தரியின் நுனி காது மடலில் பட்டு, ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. தன் கையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று தெருவெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவர் அவர். முகம் செத்துப்போய்விட்டது. ரத்தத்தை நிறுத்தப் படிகாரக் கட்டியை எடுக்கப் போனால் அது மேல்தட்டில் இருந்தது. கை அந்த உயரத்துக்கு ஏறவில்லை. இடது கையால் எட்டி எடுத்தார்.

நாற்காலியில் இருந்தவர் இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை வந்து வாயைத் திறக்காமல் முடி வெட்டிக்கொண்டு போகிறவர். மூன்று தெரு தள்ளி அவரும் மனைவியுமாக ஒரு மசாஜ் நிலையம் நடத்துவதாகக் கேள்வி.

"காது கிடக்கட்டும்ணே. அந்தக் கையை எதுவரைக்கும் தூக்க முடியுது, தூக்கிக் காட்டுங்க."

தோள் மட்டத்துக்கு மேல் போகவில்லை. "ரெண்டு மாசமா இப்படித்தான் சார். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியல. டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு எலும்புல கோளாறு இல்ல, தசைதான் இறுகிக் கிடக்குதுன்னாரு. கடையை மூடிடலாமான்னு கூட யோசிச்சேன்." சொன்ன பிறகுதான், வீட்டில்கூடச் சொல்லாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

"வியாழக்கிழமை மூணு மணிக்கு வாங்க" என்றார் மசாஜ்காரர், காதில் பஞ்சை அழுத்திக்கொண்டே.

சலூன்காரருக்குத் தெரிந்த மசாஜ் எல்லாம் முடி வெட்டி முடித்ததும் தலையில் நாலு தட்டு, கழுத்தில் ரெண்டு பிடி. அதனால் தெனாவட்டாகத்தான் போனார். அங்கே முதலில் ஒரு மேஜைக்கு எதிரே உட்கார வைத்துக் கேள்விகள் கேட்டார்கள். ரத்த அழுத்தம் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எங்கேயாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா. பிறகு அறைக்குள் அனுப்பி, சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, துண்டைப் போர்த்திக்கொள்ளச் சொல்லி, மசாஜ்காரர் வெளியே போய்விட்டார். கட்டிலின் தலைமாட்டில் முகம் புதைக்க ஒரு வட்ட ஓட்டை இருந்தது. அதில் முகத்தை வைத்தபோது தரையும், கொஞ்ச நேரத்தில் அங்கே வந்து நின்ற மசாஜ்காரரின் செருப்பும் மட்டுமே தெரிந்தன.

கூச்சம் வந்தால் சலூன்காரருக்கு வாய் ஓயாது. பக்கத்துத் தெருப் பள்ளம், தண்ணீர்க் குழாய், மகளின் படிப்பு என்று தரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார். மேலே இருந்த கைகள் அவசரப்படவில்லை. சூடான எண்ணெய் கொஞ்சம். உள்ளங்கை முதுகில் மெதுவாக நகர்ந்தது. இவ்வளவுதானா என்று அவர் நினைத்த நேரத்தில் தோள்பட்டை எலும்பின் ஓரமாக முழங்கை இறங்கியது.

பேச்சு பாதியில் நின்றது.

"வலி பத்துக்கு எத்தனை? ஏழைத் தாண்டினா சொல்லிடணும். பல்லைக் கடிச்சுட்டுக் கிடந்தா உடம்பு எதுத்து நிக்கும், வேலையே ஆகாது."

"எட்டு இருக்கும் சார்."

அழுத்தம் உடனே குறைந்தது. "இப்ப?"

"ஆறு."

"சரி. மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. தோளை லூஸா விடுங்கண்ணே."

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையை லூஸா விடுங்க, லூஸா விடுங்க என்று ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் சொல்கிற வாய் அவருடையது. விடத் தெரியாத ஜனங்கள் என்று மனதுக்குள் திட்டியதும் உண்டு. இப்போது தன் தோளை விடப் பார்த்தால், எங்கே பிடித்து வைத்திருக்கிறோம் என்றே தெரியவில்லை.

முழங்கை ஒரு முடிச்சின் மேல் வந்து அப்படியே நின்றது. தேய்க்கவில்லை, நகரவில்லை, காத்திருந்தது. நாலைந்து மூச்சு போனபின் உள்ளே ஏதோ இளகிக் கொடுத்தது. சூடு கைவிரல் வரை ஓடியது. ஓட்டை வழியாகத் தரையில் இரண்டு சொட்டு விழுந்தது. வலியில் வந்த கண்ணீர் இல்லை என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தலைகளை அவர் கையில் ஏந்தியிருக்கிறார். அவர் உடம்பை ஒருவர் இவ்வளவு பொறுமையாகக் கவனித்தது இப்போதுதான். மசாஜ்காரரின் செருப்பு ஓர் அடி நகர்ந்து மறுபக்கம் போனது.

கிளம்பும்போது, "ரெண்டு நாளைக்கு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க. தண்ணி நிறையக் குடிங்க, வெந்நீர்ல குளிங்க. ஒரே தடவையில தீராது" என்றார் மசாஜ்காரர்.

சொன்னது போலவே மறுநாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. "காதுல வெட்டினதுக்குப் பழி வாங்கிட்டான்" என்று மனைவியிடம் புலம்பினார். ரெண்டு மாதக் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது.

"இத்தனை நாளா சொல்லாம வெச்சிருந்தீங்களே, உங்களை என்ன பண்றது" என்று கடிந்துகொண்டே வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தவர் சட்டையை மாட்டினார். மாட்டி முடித்த பிறகுதான், வலது கை தானாகவே மேலே போய்ச் சட்டைக் கைக்குள் நுழைந்துவிட்டது புரிந்தது. கழற்றி இன்னொரு தடவை மாட்டிப் பார்த்தார். முழுதாகச் சரியாகவில்லை, ஓரத்தில் ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் கடையை மூடும் யோசனை அன்றோடு போயிற்று. இன்னும் மூன்று வியாழக்கிழமை போனார். வெட்டும்போது கை ரொம்ப உயராதபடி நாற்காலியை இறக்கி வைத்துக்கொள்ளவும் பழகினார்.

நான்காவது தடவை முடிந்து வீடு திரும்பியபோது, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவள். ஒவ்வொரு துணிக்கும் நடுவில் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தினாள். பதினைந்து வருஷமாக அவர் கண்ணெதிரே நடப்பதுதான். அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தார்.

"உனக்கு எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டார்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "யாரு கணக்கு வெச்சா? இன்னைக்குத்தானே கேக்கறீங்க."

அடுத்த வாரம் அவளைக் கூட்டிப்போனார். மசாஜ்காரரின் மனைவி அவளை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். இவர் முன்னறையில் உட்கார்ந்து, பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவளின் நெற்றியிலும் கன்னத்திலும் கட்டில் ஓட்டையின் தடம் பதிந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் கேக்காதீங்க. மெல்ல நடங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே அவள் அசந்து தூங்கிப்போனாள். மகள் வந்து, "அம்மாவுக்கு என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சலூன்காரர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.