கண்ணில் பொடுகு

என் அத்தாவின் கண்ணில் பொடுகு இருக்கிறது என்று நான் சொன்னபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் நவ்ஷாத் துபாயிலிருந்து வீடியோ காலில் சிரித்தான். "அப்ப கண்ணுக்கும் ஷாம்பு வாங்கிக் குடு. இத்தனை வருஷம் படிக்க வச்சதுக்கு இதான் கண்டுபிடிப்பா?" என்றான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம்தான் காது.

பொடுகுதான். வேறு எப்படிச் சொல்வது? சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் சிண்ட்ரோம் என்று சொன்னால் எந்த பேஷண்டுக்கு என்ன விளங்கும்? கண்ணின் பாப்பா ஓரத்திலும், உள்ளே லென்ஸின் மேலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் படிகிறது. பெரும்பாலும் அறுபது தாண்டியவர்களுக்கு வரும். நான் வேலை பார்ப்பது ஸ்ரீரங்கத்தில், ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில். டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து பவர் பார்ப்பது, அழுத்தம் பார்ப்பது என் வேலை. வயதானவர்கள் நூறு பேர் வந்தால் நாலைந்து பேர் கண்ணில் இந்தச் செதிலைப் பார்க்கிறேன். லால்குடியிலிருந்து, மண்ணச்சநல்லூரிலிருந்து, பாதி ஆயுளை வெயிலில் கழித்தவர்கள் வருகிறார்கள். புரை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். புரையும் இருக்கும். ஆனால் செதில், கண்ணுக்குள் தண்ணீர் வடிகிற சல்லடையை அடைத்து வைத்திருக்கும். அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருக்கும். லென்ஸைப் பிடித்து நிறுத்தும் நூல்கள் இற்றுப் போயிருக்கும். தெரியாமல் ஆபரேஷனுக்குக் கத்தி வைத்தால் லென்ஸ் நழுவிக் கண்ணுக்குள்ளேயே விழும். இத்தனையும் பெரும்பாலும் வலிக்காமல் நடக்கும். வலித்தால் இந்த ஊரில் எவனாவது சீக்கிரம் வருவான்.

அத்தா ஆறு வருஷம் சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டார். ரெண்டு இலவச முகாமுக்குப் போனார். "புரை முத்தல, அப்புறம் வாங்க" என்று அனுப்பினார்கள். ஒருத்தரும் அழுத்தம் பார்க்கவில்லை. நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, பழகுவதற்கு ஒரு கண் வேண்டுமென்று அவரைக் காலேஜுக்குக் கூட்டிப்போனேன். அப்போதுதான் பார்த்தேன். இடது கண் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. கையை ஆட்டினால் ஆட்டுவது தெரியும், அவ்வளவுதான். மிஞ்சியது வலது கண். அதைக் காப்பாற்ற ஒரு சொட்டு மருந்து, தினமும் ரெண்டு வேளை, ஆயுசுக்கும்.

இதை வெளியில் சொல்லக்கூடாது என்று அத்தா கறாராகச் சொல்லியிருந்தார். பெரியகடை வீதியில் அவருக்குப் பூட்டு, தாழ்ப்பாள் கடை. சாவியும் அடித்துக் கொடுப்பார். "நிஜாமுதீனுக்கு ஒத்தைக் கண்ணுன்னு தெரிஞ்சா எவன் சாவி அடிக்கக் குடுப்பான்?"

இந்த ரமலானில், இருபத்திரண்டாம் நோன்பு அன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சாரா பீவி வாசலை மறித்து நின்றார்.

"அத்தாவை என்னன்னு ஒரு தடவை பாரு. விடியக்காலைல சஹருக்கு டீ கிளாஸை டேபிள்ல வைக்கிறேன்னு கீழ போட்டாரு. நேத்து பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சிய தூக்குல ஊத்தாம சின்னப் புள்ள கால்ல ஊத்தப் பாத்தாராம். இம்தியாஸ் தம்பி சொல்லிச் சிரிக்குது."

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு நாளா. நோன்பு மயக்கம்னு நெனச்சேன்."

இம்தியாஸ் அண்ணன்தான் பள்ளிவாசலில் கஞ்சிப் பொறுப்பு. அவருக்கு எல்லாமே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில் மருந்து பாட்டில் நின்றது. ரமலான் தலைப்பிறைக்கு முந்தின நாள் நான் வாங்கி வந்த பாட்டில். இந்நேரம் தீரப்போகிற நிலையில் இருக்க வேண்டும். குலுக்கினேன். நிறைசூலி மாதிரி கனத்தது.

அத்தா கூடத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"மருந்து."

"போட்டீங்களா?"

"பெருநாள் கழிச்சுப் போட்டுக்கலாம்னு..."

"யார் சொன்னா?"

"கத்தாத. ஓதிட்டிருக்கேன்ல."

"யாரு சொன்னான்னு கேக்கறேன்."

கிதாபை மூடி, முத்தி, ரேஹால் பலகையில் வைத்தார். "தொண்டையில கசக்குது புள்ள. கண்ணுல விட்டா தொண்டையில கசக்குது. கசப்பு உள்ள இறங்குனா நோன்பு என்னாகும்? அம்பத்தஞ்சு வருஷமா ஒரு நோன்பு விட்டதில்ல நான்."

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா என்ன மருந்து, எதுக்கு மருந்துன்னு கேப்பாரு. பக்கத்துல பத்துப் பேரு இருப்பான்."

"சரி, நோன்பு நேரத்துல வேணாம். நோன்பு திறந்தப்புறம் போட என்ன? ராத்திரி முச்சூடும் இருக்கே?"

அத்தா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு. அதில் என் கையெழுத்து. *வலது கண், காலை 8, இரவு 8. நேரம் தவறக்கூடாது.* கடைசி வரிக்கு அடியில் ரெண்டு கோடு போட்டிருந்தேன்.

"காலையில எட்டுக்கு நோன்பு. ராத்திரி எட்டுக்குத் தராவீஹ் தொழுகையில நிக்கிறேன். நேரம் தவறக்கூடாதுன்னு நீதான எழுதியிருக்க? தவறினா மருந்து கெடுதல் பண்ணிடும்னு விட்டுட்டேன்."

எனக்கு அப்படியே மண்டையில் ஏறியது. யாரைத் திட்டுவது? ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் எட்டு, எட்டு என்றுதான் எழுதுவோம். லால்குடி விவசாயிக்கும் எட்டு, கோயில் கைங்கர்யத்துக்கு விடியும் முன்பே ஓடுகிறவருக்கும் எட்டு. கேட்டால் மறக்காமலிருக்க என்போம். நோன்பு வைக்கிற வீட்டில் பிறந்து, நோன்பு வைத்துக்கொண்டே வேலை பார்க்கிற நான், என் அத்தாவுக்கும் எட்டு, எட்டு என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். சஹர் முடியும் முன்னால் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கும், குடி முழுகாது. சொட்டு விட்டதும் மூக்கோரத்தை ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் கசப்பும் அவ்வளவாகத் தொண்டைக்கு வராது. இதைக் காலையில் வருகிற முதல் பத்து பேஷண்டுக்குச் சொல்வேன். கூட்டம் ஏறினால் விட்டுவிடுவேன். அத்தாவுக்குச் சொன்னதே இல்லை. வீட்டு ஆள்தானே.

"கிளம்புங்க" என்றேன்.

"கடை தொறக்கணும்."

"கடைய நவ்ஷாத் வந்து தொறக்கட்டும். கிளம்புங்க அத்தா!"

ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டினோம். ஆஸ்பத்திரி படியில் ஏறும்போது அத்தா இடறினார். கையைப் பிடித்தேன். உதறினார்.

பத்தேமுக்காலுக்கு அழுத்தம் பார்த்தேன். இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டியது, நாற்பத்து நாலு. மறுபடி பார்த்தேன். நாற்பத்து நாலு. இடது கண்ணை மூடச் சொல்லி, என் விரலைக் கீழே மூக்குப் பக்கமாக ஆட்டினேன்.

"எத்தனை விரல்?"

"எங்க?"

"இங்க."

"ரெண்டு" என்றார். நான் நாலு விரல் காட்டிக்கொண்டிருந்தேன். குத்துமதிப்பாகச் சொல்கிறார். மூணு மாசத்துக்கு முன்னால் இதே இடத்தில் சரியாகச் சொன்னார்.

டாக்டர் கமலினி வந்து பார்த்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. வெகுநேரம் லென்ஸ் வைத்து நரம்பைப் பார்த்தார்.

"பாய், இப்பவே ரெண்டு மாத்திரை போடணும். கையில டிரிப்ஸும் ஏத்தணும். சுகர், பிரஷர், யூரின்ல ஏதாவது தொந்தரவு உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நோன்பு திறந்ததும் போட்டுக்கறேன்."

"நோன்பு எப்ப திறப்பேள்?"

"ஆறரைக்கு."

"இப்ப மணி பதினொண்ணு. ஏழரை மணி நேரம் இந்தக் கண் தாங்காது."

"இருபத்திரண்டு நாளு தாங்கிச்சு. ஏழு மணி நேரம் தாங்காதா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க மாமியாரும் இப்படித்தான். ஏகாதசின்னா பிரஷர் மாத்திரையை முழுங்க மாட்டா. பெருமாள் பாத்துப்பார்ம்பா. ரெண்டு வருஷமா ஒரு பக்கம் விழுந்து கிடக்கா. நான் டாக்டர், அதே அகத்துல இருக்கேன். என்னால ஒண்ணும் பண்ண முடியலை."

"அல்லாஹ் நாடினது நடக்கும்மா."

அங்கேதான் எனக்குப் பிய்த்துக்கொண்டது. வெளியே ஹாலில் கண் விரிய மருந்து விட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது. எனக்கு அக்கறை இல்லை.

"அல்லாஹ் மேல ஏன் பழியப் போடறீங்க? நோயாளிக்கு நோன்பை விட்டுட்டு அப்புறம் வைக்கலாம்னு அவன் சொல்லியிருக்கான். சின்ன வயசுல எனக்கு அதை ஓதிக்குடுத்ததே நீங்கதான். நீங்க நோன்புக்காக மருந்த விடல. ஊருக்குப் பயந்து விட்டீங்க. ஒத்தைக் கண்ணுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்னு விட்டீங்க. நாளைக்கு ரெண்டு கண்ணும் இல்லாம அம்மா கையப் புடிச்சிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவீங்கள்ல, அப்ப தெரியாதா நாலு பேருக்கு?"

"அல்ஷிஃபா!" என்றார் டாக்டர்.

"இருங்க மேடம். எட்டு, எட்டுன்னு எழுதினது நான். என் மேல தப்பு. அதுக்கு நான் எங்க போய் முட்டிக்கணுமோ முட்டிக்கறேன். இந்தாளு முதல்ல மாத்திரையப் போடட்டும்."

அத்தாவை 'இந்தாளு' என்று சொல்லிவிட்டேன். ஹாலில் முன்வரிசையில் இருந்த பெரியவர் வேதாந்தம், மாசாமாசம் அழுத்தம் பார்க்க வருகிறவர், விரிந்த கண்ணைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே குரல் கொடுத்தார்: "பாய், பொண்ணு அழறதுக்குள்ள போட்டுடுங்கோ. அழுதுட்டா அப்புறம் எங்களுக்கெல்லாம் யார் பிரஷர் பாக்கறது?"

நான் அழவில்லை. எனக்கு அழுகையே வரவில்லை. அவ்வளவு கோபம்.

அத்தா கையை நீட்டினார். மாத்திரைகளையும் தம்ளரையும் கையில் வைத்தேன். பிஸ்மில்லாஹ் என்றார். மாத்திரைகளை விழுங்கினார். தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் கீழே வைக்க இடம் தேடி, மேஜை விளிம்பைத் தாண்டி வைக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். வாயைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வயதிலிருந்து வைத்து வந்த நோன்பு அது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மன்னித்திருப்பேன்.

டிரிப்ஸ் ஏறியது. ஒரு மணிக்கு முப்பத்தொன்று. மூன்று மணிக்கு இருபத்து மூன்று. டாக்டர் கமலினி மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறங்கிடுத்து. இனிமே சொட்டு மருந்தை மட்டும் நம்ப முடியாது. புரையையும் சேர்த்து ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். லென்ஸ் தளர்ந்திருக்கு, ஜாக்கிரதையாப் பண்ணணும். பெருநாள் முடிஞ்ச கையோட வாங்கோ."

"கீழ தெரியலையே, அது திரும்ப வருமா?" என்று கேட்டார் அத்தா. டாக்டரிடம் இல்லை, என்னிடம்.

டாக்டர் 'பார்ப்போம்' என்றுதான் சொல்லியிருப்பார்.

"வராது" என்றேன். "மேல்பாதி இருக்கு. அதைத்தான் காப்பாத்த முடியும்."

தலையை ஆட்டினார்.

அப்போது அவர் போன் அடித்தது. இம்தியாஸ் அண்ணன். டிரிப்ஸ் கையை அசைக்க முடியாமல் அத்தா என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"பாய், எங்க இருக்கீங்க? அஸர் தொழுகை ஆகப்போவுது, கஞ்சி அண்டா ரெடி. ஊத்த ஆளக் காணோம். இன்னைக்காவது தூக்குல ஊத்துவீங்களா, கால்லதானா?"

கடையில் வேலை என்று சொல்வார் என நினைத்தேன். எப்போதும் அதைத்தான் சொல்வார்.

"இம்தியாஸு, நான் கண்ணாஸ்பத்திரில இருக்கேன். எனக்கு இடது கண்ணு ரெண்டு வருஷமா இல்லப்பா. வலது பாதி போச்சு. நோன்புல சொட்டு மருந்த நிறுத்தினேன், அதான். இப்ப நோன்பையும் முறிச்சிட்டேன்."

மறுமுனையில் அண்டா கிண்டுகிற சத்தம் நின்றது.

"சொட்டு மருந்துக்கு நோன்பு முறியுமா என்ன? இருங்க, ஹஜ்ரத் இங்கதான் இருக்காங்க." போனுக்கு வெளியே ஏதோ பேச்சு. திரும்ப வந்தார். "முறியாதாம் பாய். கண்ணுல விடுற மருந்துக்கு முறியாதாம். தொண்டையில கசந்தாலும் முறியாதாம்."

பத்து செகண்ட். இருபத்திரண்டு நாளாக யாரும் கேட்காத கேள்விக்குப் பத்து செகண்ட். அத்தா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

"பாய்..." இம்தியாஸ் அண்ணன் குரலில் சிரிப்பு இல்லை. "எங்கம்மாவும் ஒரு சொட்டு மருந்து போடும். அதுவும் நோன்பு முடியட்டும்னு நிறுத்தி வச்சிருக்கு."

போனைப் பிடுங்கினேன்.

"அண்ணே, நான் அல்ஷிஃபா பேசறேன். எதுக்குப் போடற மருந்து? புரைக்கா, பிரஷருக்கா?"

"தெரியலயேம்மா. வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்குன்னாங்க..."

"கரண்டியக் கீழ போடுங்க" என்றேன். "பாட்டிலையும் எடுத்துக்குங்க, உங்கம்மாவையும் வண்டியில ஏத்துங்க. டாக்டர் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவாங்க."

"கஞ்சி ஊத்தணுமேம்மா, இருநூறு பேரு..."

"எவனாவது ஊத்தட்டும் அண்ணே! வாங்கன்னா வாங்க!"