கிரீச்சிடாத நாற்காலி

"அம்மா, நல்ல தட்டு எல்லாம் ஒரே மாதிரிதானே கத்துது? கீறல் விழுந்தது மட்டும்தான் வேற மாதிரி பேசுது. அதை ஏன் தூக்கிப் போடறே?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அன்று பள்ளி விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அம்மாவோடு பீங்கான் தொழிற்சாலைக்கு வந்து, அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். சூளையிலிருந்து வரும் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரல் நுனியில் நிறுத்தி, சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பதுதான் அம்மாவின் வேலை. 'டிங்' என்றால் நல்ல தட்டு. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது, ஒதுக்கிவிட வேண்டும்.

"வேலை நேரத்துல தொணதொணக்காதே" என்றாள் அம்மா. பதில் தெரியாத பெற்றோர் எல்லாரும் சொல்கிற பதில் அது.

அதன் பிறகு இருபத்தோரு வருடங்கள் ஓடிவிட்டன. மகள் வேறு ஊரில் நர்ஸ். அம்மா அதே மேசையில், அதே குச்சியோடு. தொழிற்சாலையில் அவளுக்கு டிங்கக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஜாஸ் இசை வகுப்பில் அவள் பெயரைச் சேர்த்தது மகள்தான். "நம்ம தெரு சமூகக்கூடத்துல வியாழக்கிழமை சாயங்காலம் நடக்குதாம்மா. வாசிக்கக் கத்துத்தர்ற வகுப்பு இல்ல. எப்படிக் கேக்கறதுன்னு சொல்லித் தருவாங்களாம். பன்னிரண்டு வாரம். காசு கட்டிட்டேன், போகலேன்னா வீண்."

"கேக்கறதுக்கு ஒரு வகுப்பா? நான் நாள் முழுக்கக் கேட்டுட்டுத்தானேடி இருக்கேன்?"

"தட்டைத்தானே கேக்கறே? போம்மா!"

முதல் வியாழக்கிழமை வேலை முடிந்து அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்வதற்குள் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. இருபது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். இசைத்தட்டில் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் மட்டும் ஒற்றையாக, மெதுவாக, யாரோ மாடிப்படி இறங்குவதுபோல வந்துகொண்டிருந்தது. கதவோரம் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டிங்கக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை இழுத்தாள்.

கிரீச்!

இருபது தலைகளும் திரும்பின. முன்வரிசையில் பருத்த உடம்பும் கைத்தடியுமாக உட்கார்ந்திருந்தவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நடுவழியில ஏறினவங்க படியில தொங்காம உள்ள வாங்க!"

கூடமே சிரித்தது. டிங்கக்காவுக்குக் காதுமடல் வரை சுட்டது.

வகுப்பை நடத்தியவள் பகலில் கண்ணாடிக்கடையில் பார்வை சோதிக்கும் இளம்பெண். டிரம்பெட்டும் வந்து சேர்ந்து பாட்டு முடிந்ததும் எல்லாரையும் பார்த்து, "எப்படி இருந்துச்சு? மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க" என்றாள்.

ஆளுக்கொன்றாக அழகு, ஆழம், இனிமை என்றார்கள். டிங்கக்காவின் முறை வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "அந்த டிரம்பெட்டுல கீறல் இருக்குங்க. எங்க ஃபேக்டரியா இருந்தா ஒதுக்கி வெச்சிருப்பேன்."

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கெங்கேன்னு விரல் காட்ட முடியுமாக்கா?" என்று கேட்டு இசைத்தட்டை மீண்டும் சுழல விட்டாள். டிங்கக்கா விரலை உயர்த்தினாள். ஒன்று, இரண்டு... ஏழு இடங்கள்.

"எனக்கு ஆறுதான் தெரியும்" என்றாள் டீச்சர் மெல்ல. ஏழாவது இடத்தைத் தனியாகப் போட்டுக் கேட்டாள். முகம் மலர்ந்தது. "ஆமாம்! இருக்கு! ஆனா அக்கா, இது கீறல் இல்ல. வாசிக்கறவர் வேணும்னே அந்த ஸ்வரத்தைக் கொஞ்சம் கீழே வளைக்கறார். தானா விழறது வேற, மனசு வெச்சு வளைக்கறது வேற."

டிங்கக்கா நம்பவில்லை. அதைவிட, நாற்காலி போட்ட கிரீச்தான் அவள் காதில் இன்னும் கிடந்தது. அடுத்த வாரம் வரக்கூடாது என்று நினைத்தபடி கிளம்பும்போது, திரும்பினால் முதுகுக்குப் பின்னால் கண்டக்டர். பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து நின்றிருந்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. முப்பது வருஷம் பஸ்ல கத்தின வாய். தானா வந்துடுது."

"பரவாயில்லண்ணே" என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்த வியாழக்கிழமை மகளின் தொலைபேசி விரட்டாமல் இருந்திருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள். அன்றும் பத்து நிமிடத் தாமதம். அன்றும் பாட்டு நடுவில். அதே நாற்காலி. 'சாமி, இன்னிக்கு மட்டும் மானத்தைக் காப்பாத்து' என்று வேண்டிக்கொண்டு இழுத்தாள்.

சத்தமே இல்லை. பனிக்கட்டி மேல் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்குமா கடவுள் இறங்கி வருவார் என்று அவள் யோசிக்கவில்லை. வருவார், ஆனால் பெரும்பாலும் யாராவது ஒருவரின் கையைக் கடன் வாங்கிக்கொண்டு வருவார்.

வாரங்கள் போயின. பாட்டின் நடுவிலேயே கை தட்டுவதுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. "ஒருத்தர் வாசிச்சிட்டிருக்கும்போதே தட்டறதா? மரியாதையா அது?"

"பஸ்ஸுன்னு நெனைச்சுக்கோம்மா" என்று விளக்கினார் கண்டக்டர். "ஆளுக்கொரு ஸ்டாப்பிங். ஒருத்தர் தன் கதையைச் சொல்லி முடிச்சு இறங்கறார். நாம கையாட்டி அனுப்பறோம். அதுக்காக பஸ் நிக்குமா? அது பாட்டுக்குப் போகுது."

டீச்சர் அந்த விளக்கத்தை அப்படியே பலகையில் எழுதிப்போட்டாள்.

ஒருநாள் தரை துடைத்து ஈரமாக இருந்தது. டொக் டொக்கென்று கைத்தடி ஊன்றி வந்த கண்டக்டர் சறுக்கிச் சுவரைப் பிடித்து நின்றார். "பிரேக் பிடிக்கல!" என்று அவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். டிங்கக்காவும்தான்.

அதற்குள் அவள் காது மாறத் தொடங்கியிருந்தது. தொழிற்சாலையில் கீறல் தட்டு ஒன்றையும் அவள் தப்ப விடவில்லை. அதில் சாப்பிடுகிறவர் விரல் கிழியுமே! ஆனால் இசைத்தட்டில் அந்த வளைந்த ஸ்வரம் வரும்போது நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. துக்கத்தைச் சொல்ல வந்தவர் பாதியில் குரல் தழுதழுத்தால் அவரை ஒதுக்கியா வைப்போம்? கிட்டே இழுத்துத்தானே உட்கார வைப்போம்? வியாழக்கிழமை இல்லாத வாரத்தை அவளால் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பத்தாவது வாரம் கூடத்தின் செயலாளர் வந்து நின்றார். இறகுப்பந்து வீரர், தலை நரைத்த பிறகும் வெள்ளைக் கால்சட்டையிலேயே திரிகிறவர். "கடைசி வாரம் ஞாயித்துக்கிழமை மதியம் கச்சேரி வைங்க. ஊரைக் கூப்பிடுங்க. நல்லா நடந்தா அடுத்த வருஷமும் வகுப்பு. சொதப்பினா வியாழக்கிழமையைப் பந்து விளையாட்டுப் பயிற்சிக்குக் கொடுத்துடுவோம். அவ்வளவுதான்."

அந்த ஞாயிறும் வந்தது. பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூன்று பேரை டீச்சர் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். மூன்று மணிக்கு முன்னமே கூடம் நிரம்பிவிட்டது. பியானோக்காரர், நெட்டை மனிதர், உட்கார்ந்து விரல் பழக்கினார். நடுவில் ஒரு கட்டையைத் தொட்டதும், ஸ்வரத்தோடு 'ர்ர்ர்' என்று ஓர் உறுமல். மறுபடி தொட்டார். மறுபடி உறுமல். மூடியைத் திறந்தார், உள்ளே கைவிட்டார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"முடியாதுங்க. எல்லாப் பாட்டுலயும் இந்தக் கட்டை வருது. போன் பூத்துக்குள்ள தேனீ மாட்டினாப்ல கத்துது. இதுல வாசிச்சா எனக்குத்தான் அசிங்கம்."

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப ஜனங்களை அனுப்பிடலாமா?"

கதவோர நாற்காலியிலிருந்து டிங்கக்கா எழுந்தாள். எழுபது எண்பது பேர் நடுவில் பேசுவது அவளுக்கு வாழ்க்கையில் இதுவே முதல்முறை. "தம்பி, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போடுங்க."

அவர் எரிச்சலோடு தட்டினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பெட்டியில கீறல் இல்ல. அது சுத்தமா இருக்கு. வேற ஏதோ இதோட சேர்ந்து பாடுது."

"என்னம்மா சொல்றீங்க, பேயா?" என்றார் செயலாளர்.

"சும்மா இருங்க சார், செக்கிங் நடக்குது!" என்று கண்டக்டர் ஒரு அதட்டல் போட்டார். பஸ்ஸை அடக்கிய குரல், கூடம் கப்சிப்.

டிங்கக்கா எப்போதும் கைப்பையிலேயே கிடக்கும் மரக்குச்சியை எடுத்தாள். பியானோக்காரர் அந்த ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்ட, அவள் சுவரோரமாக நடந்தாள். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள்; இல்லை. கடிகாரம், இல்லை. தண்ணீர்க் குவளைகள், இல்லை. மூலையில் செயலாளர் ஜெயித்த கோப்பைகள் வரிசையாக நிற்கும் கண்ணாடி அலமாரி. லேசாக ஒரு தட்டு.

ர்ர்ர்.

"இங்க இருக்கான் திருடன்!"

அலமாரிக் கதவின் கண்ணாடி சட்டத்துக்குள் நூலளவு தளர்ந்திருந்தது. "அதைத் தொடாதீங்க, சாவி வீட்ல இருக்கு!" என்று பதறினார் செயலாளர்.

"சாவி எதுக்குங்க? அண்ணே, ஒரு டிக்கெட் கொடுங்க" என்றாள் டிங்கக்கா.

கண்டக்டர் பணப்பையில் பத்திரமாக வைத்திருந்த பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார். "கடைசி நாள் டூட்டியில கிழிச்சதும்மா. நல்ல சீட்டாப் பார்த்து உக்கார வை." அவள் அதை நான்காக மடித்துக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகி, திரும்பித் தலையசைத்தாள்.

பியானோக்காரர் கட்டையைத் தொட்டார். கழுவிவைத்த தட்டுபோல, பளிச்சென்று ஒற்றை ஸ்வரம்.

கூடம் ஆரவாரித்தது. அந்த நெட்டை மனிதர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் டிங்கக்காவைக் கும்பிட்டார்.

கச்சேரி அதன் பிறகு பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாவது பாட்டில் பியானோக்காரர் தன் முறை வந்ததும் அந்தக் கட்டையிலேயே போய் நின்றார். பக்கத்துக் கட்டையிலிருந்து விரலைச் சறுக்கவிட்டு அதைத் தொட்டார், கொஞ்சினார், இழைத்தார், கடைசியில் கதவோரம் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். பாஸ் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் தன் நிறுத்தத்தில் இறங்குகிறார் என்று டிங்கக்காவுக்குத் தெரிந்தது. யாரும் தட்டுமுன் அவள் எழுந்து நின்று தட்டினாள். ஒரு நொடி அவள் கை மட்டும். பிறகு கூடம் முழுவதும் எழுந்தது.

செயலாளரின் வெள்ளைக் காலணி தாளம் போட்டுக்கொண்டிருந்ததை டீச்சரே பார்த்தாள். முடிந்ததும் அவர் வந்து கேட்டார்: "வியாழக்கிழமை மட்டும் போதுமா? செவ்வாய்க்கிழமையும் காலியாத்தான் இருக்கு."

படம் எடுக்க எல்லாரும் மேடைக்கு ஓடினார்கள். டிங்கக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஓய்ந்த காதில் ஒரு சத்தம் வந்து விழுந்தது. டொக். டொக். டொக். கண்டக்டர் மேடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சுரீரென்றது. முதல் நாள் இவர் பூனை மாதிரி வந்தாரே? அன்று இந்தத் தடிக்குச் சத்தம் இல்லையே?

குனிந்து தன் நாற்காலியின் கால்களைப் பார்த்தாள். மூன்றில் சாம்பல் நிற ரப்பர். கூடத்து நாற்காலிகள் எல்லாவற்றிலும் உள்ளது. நான்காவதில் மட்டும் கறுப்பாக, பெரிதாக, வேறொன்று. அளவு பொருந்தாததால் நூல் சுற்றி இறுக்கியிருந்தது. கைத்தடியின் ரப்பர்.

முழங்கால் வலிக்காரர் பதினோரு வாரம் வெறும் மரத்தை ஊன்றி வழுவழுத் தரையில் நடந்திருக்கிறார். சறுக்கியபோது அவளும் சிரித்தாள். தொழிற்சாலையில் ஒரு டொக்கைத் தப்ப விடாதவளுக்கு, இந்த டொக்கை வாராவாரம் கேட்டும், அது ஏன் அப்படிப் பேசுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்து வயதிலேயே மகள் அதைக் கேட்டுவிட்டாள்.

"எல்லாரும் இங்க பாருங்க!" என்று மேடையில் யாரோ கத்தினார்கள். கண்டக்டர் தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, செயலாளரின் தோளைப் பிடித்து நின்றிருந்தார். எல்லா முகமும் படம் எடுப்பவர் பக்கம்.

டிங்கக்கா நாற்காலியைச் சாய்த்து நூலைப் பிரித்தாள். ரப்பரைக் கழற்றினாள். அந்தக் காலுக்குத் தன் கைப்பையில் இருந்த, தட்டு துடைக்கும் மெத்துத் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள். அடுத்த வகுப்புக்கும் யாராவது தாமதமாக வரத்தான் செய்வார்கள். பிறகு சுவரோரம் போய், கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பரைத் திருகி இறுக்கி நிமிர்த்தினாள். வழக்கம்போல ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்தாள்.

சத்தமே வரவில்லை. நல்லது என்று அதை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு, மேடையைப் பார்த்து நடந்தாள்.