ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

மாடம்மாள் சட்டையை உதறி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம், கைமடிப்பு. பிறகு வாளியில் போடாமல் கொடியிலேயே திரும்பத் தொங்கவிட்டாள்.

“துவைக்கலியா?” என்றான் நெல்லையப்பன்.

“என்னத்தத் துவைக்க? ஒரு சொட்டு இல்லையே.”

அவன் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். பணகுடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தத் தொண்ணூற்றேழோடு ஒன்பது வருடமாகிறது. திங்கள் முதல் சனி வரை சட்டையில் டிஸ்டம்பரோ சிமெண்ட் பெயிண்டோ படாமல் அவன் வீடு திரும்பிய நாள் கிடையாது. எந்த வீட்டில் என்ன நிறம் ஓடுகிறது என்பதை அவள் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஐந்து ஞாயிறாக மட்டும் சட்டை போனது போலவே திரும்பி வந்துகொண்டிருந்தது.

“டீச்சரம்மாவுக்குப் பெயிண்டிங்னுதான சொன்னீங்க?”

“ஆமா. உபகாரமா செய்யுதேன்.”

“அஞ்சு வாரமா அடிக்க அந்த வீட்டுல எத்தன சுவருதான் இருக்கு?”

அவன் பல் தேய்க்கப் போனான். பெயிண்டிங் என்று சொன்னது பொய்யில்லை. அந்தச் சொல்தான் அவனையும் முதலில் ஏமாற்றியது.

கரமனை அக்கிரகாரத்தில் சாவித்ரி டீச்சர் வீட்டு முன்னறைக்கு அவன் இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தான். டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித் தருகிறவர் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. உள்ளே அவர் டெலிபோனில் பேசுவது கேட்டது. “நாளைக்கு ஏழு மணிக்குப் படித்துறையில பெயிண்டிங், கேட்டேளா. போன வாரம் ரெண்டே பேர். ஆள் போறலை. யாரானாலும் அழைச்சுண்டு வாங்கோ.”

படித்துறைச் சுவருக்கு வேலை, ஆள் பற்றாக்குறை என்று அவன் எடுத்துக்கொண்டான். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பெரிய பக்கெட், நாலு இஞ்சு பிரஷ், உப்புத்தாள் சகிதம் ஆற்றங்கரையில் போய் நின்றான். டீச்சரும், பேங்க் ஆபீசர் ஹரிநாராயணனும், கல்லூரியில் படிக்கிற அஜிதாவும் முக்காலிகளில் உட்கார்ந்து, மடியில் பலகையும் காகிதமும் வைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சுவர் எங்க டீச்சர்?” என்றான்.

ஹரிநாராயணன் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அஜிதா, “சேட்டா, பக்கெட்டு கொள்ளாம். ஆறு முழுக்க வரய்க்காம்,” என்றாள். அந்த பக்கெட் இருந்தால் ஆற்றையே முழுசாக வரைந்துவிடலாமாம்.

அவன் திரும்பி நடக்கத் தொடங்கினான். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “தப்பு என்னோடது. ஆள் போறலைன்னு சொன்னது நானாக்கும். வந்தது வந்தாச்சு, ஒரு கடுதாசி தரேன், உக்காருங்கோ.”

உட்கார்ந்தான். ஒன்பது வருடமாக நிறத்தை வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், அவன் கலந்தான். அன்று, ஆறு என்ன நிறம் என்று டீச்சர் அவனைக் கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் அடுத்த ஞாயிறும் போனான், அதற்கடுத்த ஞாயிறும் போனான்.

நிறம் கலப்பதில் அவனை யாரும் தொட முடியவில்லை. பாலத்தடியின் நிழலுக்கு அவன் கலந்த பச்சையை ஹரிநாராயணன் கடன் கேட்டு வாங்கிப்போனார். இடித்தது வேறோர் இடத்தில். தண்ணீரில் கரைத்துப் போடுகிற இந்த வேலையில் வெள்ளை பெயிண்ட் கிடையாது, காகிதம்தான் வெள்ளை. வெளிச்சம் விழுகிற இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்றார் டீச்சர். சுவரில் ஓர் இடம் விட்டுப்போனால் மேஸ்திரி வாயில் விழ வேண்டும் என்று பழகிய கை, கேட்கவில்லை. ஓரம் வரை இழுத்து மூடிவிட்டுத்தான் ஓய்ந்தது.

“நெல்லையப்பா, உம்ம ஊர்ல எப்பவும் சாயங்காலம்தானா? விடியறதே இல்லியா?” என்று ஹரிநாராயணன் சீண்டுவார்.

மாடம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் கிழக்கேகோட்டையில் ஓர் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. அவள் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் தான் ஆற்றங்கரையில் காற்று வாங்கிக்கொண்டு படம் போடுவதாகச் சொன்னால் அவள் சண்டை போட மாட்டாள். “ஓ,” என்பாள். அதன் பிறகு அவனால் அங்கே போய் உட்கார முடியாது. அந்த இரண்டு மணி நேரம் போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ஆறாவது ஞாயிறு. எதிர்ப் பாறையில் யாரோ துவைத்து விரித்த வேட்டி வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. சுற்றிலும் பாறையை முடித்திருந்தான். வேட்டி மட்டும் காகிதத்தில் வெறுமையாகக் கிடந்தது. கை தாங்கவில்லை. பிரஷைத் தோய்த்துத் தூக்கினான்.

“ஆரோ வருந்நு,” என்றாள் அஜிதா.

படியின் மேலே மாடம்மாள் நின்றிருந்தாள். ஓட்டலுக்குப் போகிற வழியில் டீச்சர் வீட்டில் விசாரித்து வந்திருக்க வேண்டும். தூக்கிய பிரஷ் தூக்கியபடியே நின்றது. அவள் டீச்சரைப் பார்த்தாள், அஜிதாவைப் பார்த்தாள், ஹரிநாராயணனின் வழுக்கையைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து அவன் முதுகுப் பின்னால் நின்றாள். ஒரு பெயிண்டரின் மனைவிக்குரிய கண் நேராக அந்த இடத்துக்குப் போயிற்று.

“இங்க அடிக்காம விட்டுட்டீங்களே.”

அப்போதுதான் அவனும் பார்த்தான். அந்த ஓர் இடத்தால் பாறை, படி, தண்ணீர் எல்லாவற்றிலும் வெயில் அடித்தது.

“விடல,” என்றான் மெதுவாக. “அப்படியே இருக்கட்டும்.”

அவள் பாறையைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். “நல்லாத்தான் வெளுத்திருக்கு.”

“ஆறு வாரத்துல இன்னிக்குத்தான் விடிஞ்சிருக்கு,” என்றார் ஹரிநாராயணன்.

டீச்சர் முக்காலியைக் காலி செய்து நகர்த்தினார். மாடம்மாள் உட்காரவில்லை. “இதுக்கா இத்தன மறைப்பு? நான் என்னவெல்லாம் நெனச்சுப்போட்டேன்.”

“பெயிண்டிங்னுதான சொன்னேன்.”

“சொன்னீங்க.” அவள் அவன் சட்டைப் பையைச் சுட்டினாள். தூக்கிய பிரஷிலிருந்து பச்சை ஒரு சொட்டு விழுந்து பரவியிருந்தது. “இன்னிக்காவது துவைக்க ஏதோ கெடச்சுது. நேரமாச்சு, ஓட்டல்ல அண்டா காத்துக் கெடக்கும்.” இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினாள். “வாரவாரம் இங்க வாங்க. வேலைன்னு மட்டும் சொல்லாதீங்க. வேலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்.”

“பின்ன என்னன்னு சொல்ல?”

“படம் போடப் போறேன்னு சொல்லுங்க. கேக்கிறவங்க கேக்கட்டும்.”

அடுத்த ஞாயிறு அவன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கும்போது பக்கத்து அறைத் தாணு வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“எங்கண்ணே, காலங்காத்தால?”

நெல்லையப்பன் தொண்டையைச் செருமினான். “படம் போடப் போறேன்.”

“ஏழு மணிக்கா? எந்தத் தியேட்டர்ல?”

“ஆத்தங்கரையில,” என்று உள்ளேயிருந்து மாடம்மாளின் குரல் வந்தது. “டிக்கெட் கெடையாது. நீயும் வேணும்னா போய்ப் பாரு.”