பட்டாசு பூட்டிக்கொண்ட கதவு

சமூகப்பணிப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் களப்பயிற்சிக்கு எங்கே போகிறாய் என்று கல்லூரியில் கேட்டபோது, குழந்தைகள் என்றால் சுலபம் என்று நினைத்துத்தான் அவள் அந்த மையத்தைத் தேர்ந்தெடுத்தாள். நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான மையம். முதல் வாரமே அவள் முழங்கைக்கு மேல் ஒரு பல்வரிசை பதிந்தது. கடித்தவளுக்கு ஏழு வயது. எப்போது வெடிப்பாள் என்று தெரியாததால் அங்கே எல்லோரும் அவளைப் பட்டாசு என்றார்கள். பயிற்சி மாணவியைப் பிள்ளைகள் சின்ன மிஸ் என்றார்கள்.

அன்றிலிருந்து சின்ன மிஸ்ஸுக்குப் பட்டாசை நினைத்தாலே பயம். இன்றைக்கு அவள் வராமல் இருக்கக் கூடாதா என்று பேருந்தில் வரும்போதே வேண்டிக்கொள்வாள். வேண்டிக்கொண்டதற்காக வெட்கமும் படுவாள். ஆனால் பட்டாசின் அம்மா ஒருநாளும் தவறாமல் அவளைக் கூட்டிவந்துவிடுவாள்.

அந்த அம்மாவைச் சின்ன மிஸ்ஸுக்கு ரொம்பப் பிடிக்கும். துணிக்கடையில் விற்பனை வேலை. நின்று நின்று கால் வீங்கியிருந்தாலும் முகம் சிரித்தபடி இருக்கும். “கடிச்சிட்டாளாமே தங்கச்சி? நானா இருந்தா அன்னைக்கே ஓட்டம் பிடிச்சிருப்பேன்” என்று கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டவள்.

அன்று நல்ல மழை. சின்ன மிஸ்ஸின் பயிற்சிக்குப் பொறுப்பான ஆலோசகர் மேடம் மாடியில் இன்னொரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தார். கீழே விளையாட்டறையில் பட்டாசு காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தத் திரும்பினாள் சின்ன மிஸ். மறுபடி பார்த்தால் நாற்காலி காலி. மேசையில் கத்தரிக்கோலும் இல்லை. மூலையில் இருந்த கழிவறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது; வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும்.

“யாராவது மேடத்தைக் கூப்பிடுங்க! சாவி வேணும்!” என்று கத்தினாள். வரவேற்பு மேசையில் இருந்தவர் மாடிப்படி ஏறி ஓடும் சத்தம் கேட்டது.

உள்ளே சரக், சரக் என்றது.

“கதவை உடைச்சா குத்துவேன்!”

“உடைக்க மாட்டேன்மா. எனக்குக் கை நடுங்குது. என்னால கைப்பிடியைக்கூடப் பிடிக்க முடியல.”

“பொய்.”

“அடியில பாரு.” சின்ன மிஸ் தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் விரல்களை நீட்டினாள். இப்போது குத்தினால் என்ன செய்வது என்ற எண்ணம் நீட்டிய பிறகுதான் வந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொள்ளத் துடித்தாள். இழுக்கவில்லை.

உள்ளே குனிந்து பார்ப்பது தெரிந்தது. “ஆமா, ஆடுது,” என்றது குரல், கொஞ்சம் தணிந்து. “நீங்க பெரிய ஆளுதானே?”

“பெரிய ஆளுக்கும் பயம் வரும். நீ என்ன பண்றே அங்க?”

பதிலுக்குக் கதவிடுக்கு வழியாகக் கற்றை கற்றையாகக் கறுப்பு முடி வந்து விரலில் பட்டது.

“முடி வெட்டுறேன். முடி இல்லேன்னா பிடிச்சு இழுக்க முடியாதுல்ல?”

சின்ன மிஸ் அந்த முடியைக் கையில் அள்ளினாள். “யாரும்மா இழுப்பாங்க?”

குழாயைத் திறந்து மூடும் ஓசை. பிறகு, “அம்மா. இழுத்து சுவத்துல மோதுவாங்க. அப்புறம் அவங்களே அழுவாங்க. பாவமா இருக்கும்.” சட்டென்று குரல் உயர்ந்தது. “யார்கிட்டயும் சொல்லக் கூடாது! சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, அப்பதான் திறப்பேன்!”

ஒரு வார்த்தை போதும், கதவு திறந்துவிடும். அந்த வார்த்தை சின்ன மிஸ்ஸின் தொண்டை வரை வந்துவிட்டது.

“அப்படிச் சொன்னா அது பொய்ம்மா,” என்றாள். “மேடம்கிட்ட சொல்லத்தான் போறேன். உன் தலை வலிக்கக் கூடாது.”

கதவில் ஏதோ மோதி விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. சரக் என்ற ஒலியும் நின்றுவிட்டது. சின்ன மிஸ் கதவில் காதை வைத்தாள். மழை மட்டும்தான் கேட்டது. ஐயோ, கெடுத்துவிட்டேனே என்று நினைத்தாள்.

தாழ்ப்பாள் விலகியது. தலையின் ஒரு பாதி மொட்டையும் குட்டையுமாக, காதோரம் சிறு கீறலில் இரத்தம் துளிர்க்க, பட்டாசு நின்றாள். அவளுக்குப் பின்னால் தரையில் கத்தரிக்கோல் கிடந்தது. சாவியோடு மூச்சிரைக்க வந்த மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேடம் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தோடு போனில் பேசினார். ஆட்கள் வரும்வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். குடையை உதறியபடி, “எங்க என் செல்லம்?” என்று அவள் கேட்டது விளையாட்டறை வரை கேட்டது. அதே சிரித்த குரல். மேடம் அம்மாவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. திடீரென்று அம்மாவின் குரல் வெடித்தது.

“யாரு சொன்னது? அந்தப் பொண்ணா? எங்க அவ? என்கிட்ட பல்லைக் காட்டிப் பேசிட்டு, முதுகுல குத்திட்டாளா?”

பட்டாசு மேசைக்கு அடியில் புகுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். சின்ன மிஸ் கதவைப் பார்த்தாள். அவளுக்கும் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மண்டியிட்டுத் தவழ்ந்து மேசைக்கு அடியில் அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். பட்டாசு கடிக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பட்டாசைப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். அம்மா தனியாக ஆலோசனைக்கு வர வேண்டும் என்று ஏற்பாடானது. அதன் பிறகு தினமும் சின்ன மிஸ் பேருந்து நிறுத்தம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தெருவில் எந்தப் பெண் வேகமாக எதிரே வந்தாலும் அவளுக்குத் திக்கென்றது. பயிற்சியை விட்டுவிடலாமா என்று தோழியிடம் கேட்டாள். “விட்டா பயம் போயிடுமா?” என்றாள் தோழி. மறுநாளும் சின்ன மிஸ் பேருந்தில் ஏறினாள்.

பயிற்சியின் கடைசி மாதத்தில் தாயும் மகளும் மையத்தில் சந்திக்க அனுமதி கிடைத்தது. மேடத்தோடு சின்ன மிஸ்ஸும் உடன் இருக்க வேண்டும். அம்மா உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். சின்ன மிஸ்ஸை ஏறிட்டுப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைகளைக் கண்டு அவளே பயப்படுவதுபோல் இருந்தது.

பட்டாசு தரையில் படத்துண்டுகளை இணைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “இது எங்க போகும்?” என்றாள், பொதுவாக.

அம்மா அசையவில்லை. சின்ன மிஸ்ஸைப் பார்த்து, “நான் எடுத்துக் காட்டலாமா?” என்று கேட்டாள். குரலே எழும்பவில்லை.

சின்ன மிஸ் பட்டாசின் பக்கம் கை காட்டினாள். “அவகிட்டயே கேளுங்கக்கா.”

பட்டாசு யோசித்தாள். “வேணாம். வாயால சொல்லு.”

“மேல... வானம் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல.”

பட்டாசு துண்டை அங்கே வைத்து அழுத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை.

“இல்லம்மா, தப்பு,” என்று சொல்லி, அதைத் திருப்பி வேறொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள்.