குப்பி எண் 7316

எல்லோரும் நீச்சல் என்று கூப்பிடும் அவள், வேனின் தரையில் மண்டியிட்டு ஃப்ரிட்ஜைக் காலி செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில், இன்னொரு தண்ணீர் பாட்டில், யாரோ பாதி கடித்து வைத்த சாண்ட்விச், மறுபடியும் தண்ணீர் பாட்டில். எல்லாம் வெதுவெதுவென்று இருந்தன. வெள்ளைப் பெட்டியைக் காணோம்.

மணி மூன்று பத்து. நான்கு மணிக்கு கால்பந்து இறுதிப் போட்டி.

மைதானத்தின் பின்வாசலில் நின்ற அந்த ஒளிபரப்பு வேனுக்குள் பதினாறு கேமராக்களின் படங்களும் பதினாறு சின்னத் திரைகளில் ஓடிக்கொண்டிருந்தன. எந்த நொடியில் எந்தப் படம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று பட்டனைத் தட்டுவதுதான் அவள் வேலை. இறுதிப் போட்டியில் அந்த நாற்காலி அவளுக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. இன்று கோட்டைவிட்டால் அடுத்த தடவை என்று ஒன்று இருக்காது.

வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது அவள் கண்ணீர். மருந்துக்கடையில் கிடைக்காத கண்ணீர்.

"என் பெட்டி எங்க?" என்றாள் சவுண்டுக்காரரிடம்.

அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினார். "எந்தப் பெட்டி?"

"ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தேனே. ஏன் ஃப்ரிட்ஜ் ஓடல?"

"வாக்கிடாக்கிக்கு சார்ஜ் போடணும்னு காலையில பிளக்கப் பிடுங்கினேன். தண்ணி சூடானா என்ன, குடிக்க முடியாதா?" சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "பெட்டிய உங்க அண்ணி தூக்கிட்டுப் போனாங்க. ஓட்டமும் நடையுமா."

அண்ணி. வேறு யாராக இருக்க முடியும்?

அண்ணனின் மனைவிதான். ஆனால் வேனில் டைரக்டர் முதல் டிரைவர் வரை எல்லோருக்குமே அவள் அண்ணிதான். பன்னிரண்டு வருட அனுபவம், முழுக்கைச் சட்டை, மடியில் எந்நேரமும் ஒரு பேரீச்சம்பழ டப்பா. அவளுக்கு வர வேண்டிய நாற்காலி நாத்தனாருக்குப் போய்விட்டது. இன்று அவள் இரண்டாவது சீட். முதல் சீட்டுக்கு ஏதாவது ஆனால் அந்த நொடியே இடம் மாறி உட்கார வேண்டியவள்.

நீச்சல் என்ற பட்டப்பெயரும் அவள் வைத்ததுதான். காற்றுப் படாமல் கண்ணைச் சுற்றி மூடிக்கொள்ளும் கண்ணாடியோடு நாத்தனார் இந்த வேனில் வேலைக்கு வந்த முதல் நாள், "என்ன மகாராணி, வேனுக்குள்ள நீச்சல் குளம் கட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். வேன் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு. நான்கு வருடம் முன்பு அப்பா இறந்த அன்று, உறவு முழுக்கக் கூடியிருந்த கூடத்தில், அண்ணி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "பெத்த அப்பன் போயிட்டாரு. ஒரு சொட்டு கண்ணுல வரல பாருங்க. கல்லு மனசு."

அழுதுகொண்டுதான் இருந்தாள். நெஞ்சு விம்மியது, கண்ணில் மட்டும் மணலை வாரிப் போட்டதுபோல் எரிந்தது. ஆறு மாதம் கழித்து டாக்டர் கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். பத்து மில்லிமீட்டராவது நனைய வேண்டிய காகிதம் ஒன்றோடு நின்றுவிட்டது. "உங்களுக்குக் கண்ணீர் சுரக்கிறதே இல்லம்மா. எப்படி வேலை பாக்கறீங்க?"

கடைச் சொட்டு மருந்தெல்லாம் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிநீரைப் பிரித்துச் செய்யும் சொட்டுதான் கடைசி வழி. அவள் ரத்தம் அதற்குப் போதவில்லை. ரத்த வங்கி எங்கிருந்தோ ஒருவரைப் பிடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரோ ஊசிக்குக் கையை நீட்ட, இவள் கண் திறந்தது. பேர் கேட்டபோது, "சொல்லக் கூடாதுன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குப்பியில் எண் மட்டும் இருக்கும். 7316. மூன்று வருடமாக அவள் தினமும் காலையில் முதலில் படிப்பது அதைத்தான்.

மூன்று மாதச் சரக்கு இன்று காலைதான் கைக்கு வந்தது. நேரமில்லாததால் ஐஸ் போட்டு நேராக வேனுக்கே கொண்டு வந்துவிட்டாள். சூட்டில் கிடந்தால் கெட்டுப்போகும்.

வேனிலிருந்து குதித்து ஓடினாள். வெளிக்காற்று கண்ணாடி ஓரமாகப் புகுந்து ஊசியாய்க் குத்தியது. பின்வாசல் காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"வெள்ளைப் பெட்டியோட ஒரு பொம்பளை போனாங்களா?"

"முதலுதவி ரூம் பக்கம். நான் நிக்கச் சொன்னேன். என்னைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. உங்க ஆளுங்களுக்கு வழி கேக்கற பழக்கமே கிடையாதா?"

படிக்கட்டின் திருப்பத்தில் அண்ணியே எதிரே வந்தாள். கையில் பெட்டி இல்லை. ஒரு டம்ளர், அது நிறைய ஐஸ், நடுவே செருகிய ஒற்றைக் குப்பி.

"எங்க வச்சிருக்கீங்க? என் சீட் வேணும்னா நேரடியாக் கேளுங்க. இப்படித் திருடாதீங்க."

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. "திட்டறத அப்பறம் வச்சுக்கோ. ஃப்ரிட்ஜ் செத்துக் கெடந்துச்சு. பெட்டியில ஐஸெல்லாம் தண்ணி. முதலுதவி ரூம்ல நல்ல ஃப்ரிட்ஜ் இருக்கு, அங்க வச்சிருக்கேன். இத முதல்ல ஊத்து. குலுக்காத. ரெண்டு நிமிஷம் கண்ண மூடிக்கோ."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க."

"சரி மகாராணி, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஊத்து."

ஊற்றினாள். குளிர்ச்சி ஒரு விரல்போல் கண்ணுக்குள் தடவிக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தபோது அண்ணி ஏற்கெனவே வேனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு டைரக்டர் தலையைத் திருப்பாமல் கேட்டார். "நீச்சல், இருக்கியா? இல்ல அண்ணிய உக்காரச் சொல்லவா?"

"இருக்கேன் சார்."

நான்கு மணி. விசில்.

வேனுக்குள் இயந்திரங்களுக்காக ஏசி பனியைக் கொட்டியது. இயந்திரத்துக்கு இதம், கண்ணுக்கு எமன். முதல் பாதியில் இரண்டு தடவை, இடைவேளையில் ஒரு தடவை சொட்டு விட்டாள். விரல்கள் பறந்தன. நாலு, ஒன்பது, ரெண்டு, மறுபடி நாலு. டைரக்டர் "ஆறு" என்று வாயைத் திறப்பதற்குள் ஆறு போய்விட்டிருந்தது. அவர் ஒருமுறை சிரித்தார். அவர் சிரிப்பதை அந்த வேன் பார்த்து ஒரு வருடம் இருக்கும். அவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதுபோல் இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி.

பெனால்டி நேரத்தில் உலகத்தில் யாரும் கண் சிமிட்டுவதில்லை. அவளும் மறந்துவிட்டாள். எட்டு உதைகள் சிமிட்டாமலே போயின. ஒன்பதாவது உதையில் ஐந்துக்கு நான்கு; அடுத்ததைத் தடுத்தால் கோப்பை. பத்தாவதுக்கு ஆள் நடந்து வந்தபோது வலது கண்ணில் இமை ஒட்டிக்கொண்டது. சிமிட்ட முயன்றாள். கண்ணாடித் துண்டால் கீறியதுபோல் இருந்தது. பதினாறு திரைகளும் ஒன்றோடொன்று குழைந்து ஒரே வெளிச்சமாகின. இடது கண்ணும் மூடிக்கொண்டது.

இரண்டு கைகளும் பட்டன்மேல். எடுத்தால் போச்சு.

"அண்ணி," என்றாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக.

இரண்டாவது சீட் நகரும் சத்தம். கண்ணாடி மேலே தூக்கப்பட்டது. ஒரு கட்டைவிரல் கீழ் இமையை இழுத்தது. சொட்டு. இன்னொரு சொட்டு.

"மூடியே இரு," காதோரம் அண்ணியின் குரல், பேரீச்சம்பழ வாசனையோடு. "நான் உனக்குக் கண்ணு, நீ எனக்குக் கை. ரெண்டு. கீப்பர் முகம்."

தட்டினாள்.

"ஏழு. உதைக்கறவன். இரு, இரு, பந்த வைக்கறான். மறுபடி ரெண்டு. எச்சில் முழுங்கறான், நல்லாருக்கு. இப்ப அகலம். ஒண்ணு."

தட்டினாள். வெளியே ஐம்பதாயிரம் பேர் மூச்சைப் பிடித்த அமைதி வேன் சுவரைத் தாண்டி வந்தது. பிறகு பந்தில் கால் படும் சத்தம். பிறகு மைதானமே வெடித்தது.

"பிடிச்சுட்டான். கீப்பர் பிடிச்சுட்டான். பதினொண்ணு போ, பதினொண்ணு. அவங்கம்மா."

விரல் பதினொன்றில் விழுந்த கணம் அவள் கண்ணைத் திறந்தாள். கீப்பரின் தாய் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒவ்வொரு சொட்டும் தெளிவாகத் தெரிந்தது. டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "யாரு குடுத்தா அந்த ஷாட்ட? யாரு?" திரும்பியவர் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "நீச்சல், நீயும் அழறியா?"

"மருந்து சார்."

அண்ணி தன் சீட்டுக்குப் போய், டப்பாவைத் திறந்து, ஒன்றும் நடக்காததுபோல் பழத்தை மெல்ல ஆரம்பித்திருந்தாள். "கண்ணாடிய இறக்கிக்கோ. காத்து படுது."

நீச்சல் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அடுத்த இறுதிப் போட்டிக்கும் அவளே என்று டைரக்டர் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே, மீதிக் குப்பிகளை எடுக்க முதலுதவி அறைக்கு ஓடினாள்.

நர்ஸ் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இங்க ஒரு கையெழுத்து. காலையில ரத்த வங்கியில குடுத்த சீட்டு இருக்கா?"

நீச்சல் பையிலிருந்து சீட்டை எடுத்தாள்.

"அப்பாடா. அவங்ககிட்ட இது இல்ல. மனுஷ ரத்தத்துல செஞ்ச மருந்து, அத்தாட்சி இல்லாம உள்ள வைக்கமாட்டேன்னு நான் ஒரே பிடியா நின்னேன். சண்டைன்னா சண்டை, அப்படி ஒரு சண்டை. அப்பறம் பர்ஸ்ல இருந்து ஒரு அட்டைய எடுத்து மேசையில அடிச்சாங்க. நம்பர் ஒத்துப் போச்சு, வச்சேன். ஐஸ எடுத்துட்டு ஓடின ஓட்டத்துல அட்டைய விட்டுட்டுப் போயிட்டாங்க. குடுத்துடறீங்களா?"

பழைய, மூலை மடங்கிய ரத்ததான அட்டை. உள்ளே மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முத்திரைகள். பின்பக்கம் டாக்டரின் கிறுக்கல்: இரும்புச்சத்து குறைகிறது, தினமும் பேரீச்சம்பழம்.

அட்டையைத் திருப்பினாள். மேலே எண், 7316. அதன் கீழே ஒட்டியிருந்த புகைப்படத்தில், முழுக்கைச் சட்டையோடு, அண்ணி.